தினேஷ்குமார் வீட்டுக்குக் கறுப்பு எள் வந்தது

தினேஷ்குமார் நாலாவது இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதுதான் எள் வாரியத்து வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் கிடையாது. தபால் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தாற்போல இருக்கும். அது வயிற்றைத் திறந்து ஒரு தட்டை நீட்டி, தட்டிலிருந்த பொட்டலத்தை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தது. எள்ளைக் கைக்குக் கை கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வண்டிக்கும் தெரிந்திருந்தது. "தங்கள் இல்லத்துக்கான ஒதுக்கீடு, வணக்கம்" என்று செய்தி வாசிக்கிறவர் குரலில் சொல்லிவிட்டு, வந்த வழியே உருண்டு போனது.

நாச்சாயி சட்னிக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். கண்ணாடித்தாள் வழியே உள்ளே இருந்தது தெரிந்தது. வெள்ளை எள் இல்லை.

"யாரு அம்மிணி?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"வாரியத்து வண்டிங்கப்பா."

"உருண்டைக்கு வந்துருக்கும். எடுத்து வை."

அவள் எடுக்கவில்லை. அங்கேயே நின்றாள். மகளின் முதுகைப் பார்த்தே தினேஷ்குமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கை கழுவாமலே எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நாச்சாயிக்கு முப்பத்துநாலு வயது, கல்லைக் கடித்தாலும் செரிக்கும் உடம்பு. அவருக்கு எழுபத்தொன்று, ரத்தக்கொதிப்பு. ஆகவே பொட்டலம் யாருக்கு என்று கேட்கத் தேவையே இல்லை.

"ம்," என்றார் தினேஷ்குமார். பிறகு உள்ளே போய் ஐந்தாவது இட்லியையும் சாப்பிட்டார்.

அந்தக் காலத்தில் தினேஷ்குமார், சஞ்சய், ஹர்ஷினி என்று பெயர் இருந்தால் தலை நரைத்தவர்கள் என்று அர்த்தம். அவர்களே தங்கள் பிள்ளைகளுக்கு நாச்சாயி, சென்னியப்பன், பொன்னுரங்கம் என்று குலதெய்வப் பெயர்களாகத் தேடித் தேடி வைத்திருந்தார்கள். பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. எள்தான் வரவில்லை.

ஒரு காலத்தில் இந்த நாட்டு எள் கப்பலேறி உலகம் சுற்றியதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பிந்தினாலே காய் தானாக வெடித்து எள்ளைக் கொட்டிவிடும். அந்த வாரம் பார்த்து ஒவ்வொரு வருஷமும் மழை பெய்யத் தொடங்கியது. ஒரு வருஷம் பொறுத்தார்கள், இரண்டு வருஷம் பொறுத்தார்கள், மூன்றாம் வருஷம் சிவகிரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் எல்லாம் எள்ளுக்குப் பதிலாகச் சூரியத் தகடுகள் முளைத்தன. கொஞ்ச காலம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிறகு அவர்களுக்கே போதாமல் நிறுத்திக்கொண்டார்கள். தீபாவளிக்குக் கடலை எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியில் ஊற்ற நல்லெண்ணெய் கிடைக்காமல் சண்டைகள் நடந்தன. கடைசியில் எள் வரத்து வாரியம் என்று ஒன்றைத் தொடங்கி, இருக்கிற எள் அத்தனையையும் ஒரு கணிப்பொறியின் பொறுப்பில் விட்டார்கள். எந்த வீட்டுக்கு எப்போது எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே கணித்து அதுவே அனுப்பிவிடும். யாரும் கேட்கவும் வேண்டாம், வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

ஊர் அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தது. எமனுடைய கணக்கப்பிள்ளை என்பதன் சுருக்கம்.

காரணம் இருந்தது. வெள்ளை எள் உருண்டைக்கும் பொடிக்கும் என்றும், கறுப்பு எள் கருமாதிக்கு மட்டும் என்றும் வாரியம் பிரித்து வைத்திருந்தது. முதல் வருஷம் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் கறுப்பு வந்தது. ஒருமுறை, ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டுக்கு அவர் சாவதற்கு முன்பே வந்துவிட்டது. அவரும் கௌரவமாக மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான். அன்று முதல் கறுப்புப் பொட்டலம் என்றால் என்ன என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. பிறகு நன்றாக நடமாடுகிறவர்கள் வீட்டுக்கும் வரத் தொடங்கியது.

நாச்சாயிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தது. இப்போது ஆடி பாதி. இதற்கு முன்பு இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது. முதல் மாப்பிள்ளை ஒரு வெளிநாட்டு வேலைக்காகக் கலைந்தார். இரண்டாமவர் ஏன் கலைந்தார் என்று இன்றுவரை தெரியாது, கிரகம் என்றார்கள். மூன்றாவது சென்னியப்பன். சூரியத் தகடுகளைத் துடைக்கிற இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அவளுடைய மாவு மில்லுக்கு ராகி அரைக்க வந்து, அரைத்து முடித்தும் போகாமல் மில்லின் பட்டை ஏன் கத்துகிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சரி செய்துவிட்டுப் போனவன். மறுவாரமும் ராகியோடு வந்தான். ராகியே அரைக்கத் தேவையில்லாதபடி கல்யாணம் பேசி முடித்த பிறகும் வந்தான். நாச்சாயி தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேதியை ஆசையோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேதிக்கும் அவளுக்கும் நடுவில்தான் இப்போது கால் கிலோ கறுப்பு எள் வந்து உட்கார்ந்திருந்தது.

அதை என்ன செய்வது என்பது அடுத்த சங்கடம். வந்த எள்ளைத் திருப்பி அனுப்பக் கூடாது, கடனாகப் பிறருக்குக் கொடுத்துவிடக் கூடாது, குப்பையில் போட்டு யாராவது மிதித்தால் பாவம், வாய்க்காலில் விட்டால் அதுவே தர்ப்பணம் ஆகிவிடும். மண்ணுக்குக் கொடுத்துவிட்டால் மட்டும் தோஷம் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. யாரும் பார்க்காதபோது, திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் எறிந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் தனக்குப் பொட்டலம் வந்ததை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

அப்பா எறிய மாட்டார் என்று அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அவர் பொட்டலத்தைத் துண்டால் பிடித்து எடுத்துக்கொண்டு போய், பந்தயத்தில் ஜெயித்த கோப்பையைப் போல டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குப் போன சமயத்தில் நாச்சாயி பொட்டலத்தின் அடியைக் கத்தியால் கீறினாள். எள்ளை ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு போய், ஆழ்துளைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்த மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். திரும்பிப் பார்க்காமல் வந்து காலைக் கழுவினாள். பிறகு அதே பொட்டலத்தில் மில்லிலிருந்து எடுத்துவந்த கடுகை நிரப்பி, அடியைத் தேய்ப்புப் பெட்டியால் ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கண்ணாடி போடாத அப்பாவுக்குக் கடுகும் எள்ளும் ஒன்றுதான்.

வீசியதில் அவள் மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டு வந்ததில் ஊரின் வாய் அடங்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் சாவைப் பற்றிப் பேசவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்றார்கள். சும்மா வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு தூக்குப்போசி இருந்தது. தினேஷ்குமாருக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிபாளையம் சிக்கன் வந்தது, கச்சாயம் வந்தது, அரிசியும் பருப்பும் சோறு மூன்று வீட்டிலிருந்து ஒரே நாளில் வந்தது. ஊரின் வாட்ஸப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டு ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த எதிர்வீட்டு சஞ்சய், தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் செல்போனை எடுத்து, அவரை மறுபடி குழுவில் சேர்த்தார். இரண்டு கிழவர்களும் அதற்குப் பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டார்கள்.

நாச்சாயிக்கு அப்பாவைப் பார்த்தால் சிரிப்பாக வந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. அவர் தன் கைக்கடிகாரத்தை சஞ்சய்க்குக் கொடுத்திருந்தார். மறுநாள் குடை ஒன்று குறைந்தது. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள். பொட்டலம் வந்த நாளிலிருந்து ஒன்றுகூடப் பிதுக்கப்படவில்லை.

கேட்டதற்கு அவர் சாதாரணமாகச் சொன்னார். "பழைய இரும்புக்குப் போகப்போற வண்டிக்கு எதுக்கு அம்மிணி சர்வீசு?"

அவள் மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மாத்திரையைச் சோற்றுக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தாள். அவர் அதைத் தனியாக எடுத்துத் தட்டின் ஓரத்தில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த வாரமே சம்பந்தி வீட்டிலிருந்தும் செய்தி வந்தது. சென்னியப்பனின் அம்மா ஹர்ஷினி, கல்யாணத்தைத் தை பிறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். பெண் வீட்டுக்குக் கறுப்பு வந்திருக்கும்போது ஆவணியில் பந்தல் போடுவது சரியில்லையாம். சென்னியப்பன்தான் போனில் சொன்னான், சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அம்மாவிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தானாம். எவ்வளவோ என்றால் எவ்வளவு என்று நாச்சாயி கேட்டாள். அவன் யோசித்து, இரண்டு தடவை என்றான். அவன் யார் எது சொன்னாலும் சரிங்க என்று சொல்லிப் பழகியவன். அந்தக் குணம் அவளுக்குப் பிடித்திருந்தது, அன்று மட்டும் பிடிக்கவில்லை.

தை வரைக்கும் தள்ளினால் அது தங்காது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு முறை பார்த்தாயிற்று. அதைவிட, தை வரைக்கும் மாத்திரை இல்லாமல் அப்பா தாங்க மாட்டார். பொட்டலம் சொன்னது பொய்யாக இருந்தாலும் அவரே அதை மெய்யாக்கிவிடுவார்.

அவள் ஒரு நாள் மில்லைப் பூட்டிவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

வாரியத்தின் ஈரோட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு அதிகாரிதான் இருந்தார். பொன்னுரங்கம், அவளுடைய வயதுதான் இருக்கும். மேசைமேல் கடலை உருண்டை டப்பா ஒன்று திறந்திருந்தது. அவர் அவளுக்கு நாற்காலியும் காட்டினார், டப்பாவையும் நகர்த்தினார். அவள் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்கப்பா சாகப்போறாருன்னு உங்க மிசினுக்கு யாருங்க சொன்னது?"

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை அவர் நிறையக் கேட்டிருப்பார் போலிருந்தது. "அதுக்கு உங்கப்பா யாருன்னே தெரியாதுங்க. அதுக்குத் தெரிஞ்சது எள்ளு ஒண்ணுதான்."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோடு, கிணற்றுக்குள் விட்ட கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே வந்து அடியைத் தொட்டிருந்தது. அதுதான் நாட்டின் எள் வரத்து என்றார். கடைசித் துண்டில் மட்டும் கோடு தலை தூக்கி ஏறத் தொடங்கியிருந்தது. ஏறுவது இரண்டு வருஷமாகத்தான் என்றார். நாச்சாயிக்கு அது எதற்கு என்று புரியவில்லை.

"உங்க வீட்டுப் பொட்டலத்தை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"டிவிகிட்டத்தான் இருக்குதுங்க."

"டிவிகிட்ட இருக்கறது கடுகுங்களா, துளசி வெதைங்களா?"

"கடுகுங்க," என்றாள் நாச்சாயி. அவர் டப்பாவை இன்னொரு முறை நகர்த்தினார். இந்த முறை அவள் ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் நிதானமாகச் சொன்னார். எள் விதைக்கச் சொல்லி வாரியம் விதையைச் சும்மாவே கொடுத்துப் பார்த்தது, மானியம் கொடுத்துப் பார்த்தது, ஊர் ஊராகப் பறையடித்துக்கூடப் பார்த்தது. ஒருவரும் விதைக்கவில்லை. அப்புறம்தான் கணிப்பொறியிடம், தேவையைக் கணித்தால் மட்டும் போதாது, வரத்தைக் கூட்டுகிற வழியையும் நீயே பார் என்று ஒப்படைத்தார்கள். அது கண்ணைக் கட்டிவிட்டாற்போல அங்கங்கே எள்ளை அனுப்பிப் பார்த்தது. பிறகு வானத்திலிருந்து எடுத்த படங்களில் எங்கே செடி முளைக்கிறது என்று தேடியது.

"வெள்ளையை அனுப்புனா உருண்டை புடிச்சுத் தின்னுபோடறாங்க. செடி இல்லீங்க. சாவு விழுந்த ஊட்டுக்குக் கறுப்பு அனுப்புனா தண்ணியில போயிருது. அதுலயும் செடி இல்லீங்க. ஆனா எல்லாரும் நல்லா இருக்கற ஊட்டுக்குக் கறுப்பு அனுப்புனா, ஒரு மாசத்துல வேலியோரத்துல, கெணத்தடியில, ரயில் ரோட்டோரத்துல எல்லாம் எள்ளுச் செடி நிக்குது. காய் முத்துனா எங்க வண்டியே போயி அறுத்துக்குது. ஏன்னு அதுக்குத் தெரியாதுங்க. பயம்னா என்னன்னு நாங்க சொல்லித்தரலை. எந்த ஊட்டுக்கு அனுப்புனா செடி வரும்னு மட்டும் கத்துக்கிச்சு."

நாச்சாயி கையில் உருண்டை அப்படியே இருந்தது. "அப்படின்னா?"

"அப்படின்னா, ஒரு ஊட்டுல இப்பதிக்குச் சாவு இல்லைன்னு தெரிஞ்சாத்தான் அது கறுப்பு அனுப்பும். உங்க ஊட்டுல எல்லாரும் கல்லுமாதிரி இருப்பாங்கன்னு கணக்குப் போட்டுத்தானுங்க உங்களுக்கு அனுப்பியிருக்குது."

அவள் திரையில் ஏறிய கோட்டை மறுபடி பார்த்தாள். பிறகு, பொட்டலம் வந்து செத்தவர்களும் இருக்கிறார்களே என்று கேட்டாள். ஆயிரம் வீட்டுக்குப் போனால் நாலு வீட்டில் யாராவது போகத்தான் செய்வார்கள், ஊர் அந்த நாலு வீட்டைப் பற்றித்தான் பேசும், மற்ற வீட்டுக்காரர்கள் தங்களுக்கு வந்ததையே வெளியில் சொல்வதில்லை என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இதை அவள் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோரும் கறுப்பையும் உருண்டை பிடித்துவிடுவார்கள். இத்தனை வருஷம் கழித்துக் கோடு இப்போதுதான் ஏறுகிறது. இன்னும் நாலைந்து வருஷம் இப்படியே போனால் தீபாவளிக்கு ஊரெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். ஒரு சின்னப் பயம்தானே என்றார்.

"எங்கப்பா மாத்திரையை நிறுத்திப்போட்டாருங்க," என்றாள் நாச்சாயி.

பொன்னுரங்கம் மேசையைப் பார்த்தார். அப்படியும் சிலர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நாமக்கல் பக்கம் பொட்டலம் வந்த அன்று படுத்த ஒரு அம்மா எழுந்திருக்கவே இல்லையாம், உடம்பில் ஒரு வியாதியும் இல்லையாம்.

"அவிங்க இந்தக் கோட்டுல எங்கீங்க வராங்க?" என்று அவள் திரையைக் காட்டிக் கேட்டாள்.

"இதுல வரமாட்டாங்க."

"வரோணுமுங்க," என்று சொல்லிவிட்டு, உருண்டையைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கடுகையும் சொன்னாள். தினேஷ்குமார் அவ்வளவையும் கேட்டுவிட்டு, மடியிலிருந்த முறுக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். டிவிக்குப் பக்கத்திலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"அப்ப நான் சாகலையா?"

"இல்லீங்கப்பா."

"சஞ்சய்கிட்ட இப்ப என்னன்னு சொல்றது?" என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட சங்கடம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை போசியில் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு நாளைக்குக் கடைவீதியில் எந்த முகத்தோடு நடப்பது? தீபாவளி வரைக்குமாவது இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், அதுவரை கொஞ்சம் இருமிக்கொண்டு சமாளித்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினார். நாச்சாயி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டே நின்றாள். அவர் ஏமாற்றப்பட்டவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு விழுங்கினார்.

மறுநாள் காலை அவள் சென்னியப்பன் வீட்டுக்குப் போனாள். அவனிடம் சொல்லிப் பயனில்லை, அவன் சரிங்க என்பான். ஹர்ஷினியிடம்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு தனியாக மாமியார் வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. போகிற வழியெல்லாம் என்ன பேசுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாவை நினைத்தால் அவளுக்குப் பயம். நிச்சயத்தன்று மூன்றே வார்த்தை பேசினார், மூன்றும் காபியைப் பற்றி.

ஹர்ஷினி வீட்டுக்குள் இல்லை, பின்னால் கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். நாச்சாயி பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். போனவள், தொண்டை வரைக்கும் கொண்டுவந்திருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு நின்றாள்.

எருக்குழிக்கு அந்தப் பக்கம், சாணத்தின் சத்தைக் குடித்து இடுப்புயரத்துக்கு வளர்ந்து, கொத்துக் கொத்தாக எள் செடிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் மணி மணியாக வெளிறிய பூ. வரிசை கிடையாது, பாத்தி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு யாரோ வீசியது என்று வீசிப் பார்த்தவளுக்குத் தெரியாதா?

ஹர்ஷினி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அவள் எதைப் பார்க்கிறாள் என்றும் பார்த்தார். கையிலிருந்த சோளத்தட்டு நழுவி மாட்டின் முகத்தில் விழுந்தது.

"அத்தை," என்று மெதுவாகக் கூப்பிட்டாள் நாச்சாயி. "உங்களுக்கு எப்பங்க வந்துச்சு?"

 ஹர்ஷினி கட்டுத்தறிக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஆனியில. சென்னிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"அப்ப தை மாசம்னு சொன்னது எங்கப்பாவுக்காக இல்லீங்களா?"

"உங்கூட்டுக்கும் வந்துச்சுன்னு கேள்விப்பட்டதும், அதையே சாக்கா வெச்சுக்கிட்டேன்." அவர் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். "நான் வாழ வந்த ஒரு மாசத்துல என்ற மாமனார் போயிட்டாரு கண்ணு. நல்ல மனுசன், நல்லா உண்டு போட்டுப் படுத்தாரு, காத்தால எந்திரிக்கல. நான் காலு வெச்ச நேரம்னு சொன்னாங்க. எத்தனையோ வருசம் ஆச்சு. இன்னும் இந்த ஊருல ரெண்டு மூணு பேரு என்ற கையில குங்குமம் வாங்கமாட்டாங்க. நீ வந்து வெளக்குப் பத்தவெச்சு, மறுவாரம் நான் போயிட்டா அந்தப் பேரு உனக்கு வந்துரும். நான் போறதுன்னா மொதல்ல போயிட்டு, அப்புறம் நீ வரட்டும்னு பார்த்தேன்."

நாச்சாயி அவர் பக்கத்தில், அதே கல்லின் மிச்ச இடத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தையும் இப்போது தேவைப்படவில்லை. பொன்னுரங்கம் சொன்னதை அப்படியே சொன்னாள். கணக்கப்பிள்ளை நல்லா இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் அனுப்புகிறது என்பதை இரண்டு முறை சொன்னாள். ஹர்ஷினி எருக்குழிப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எல்லாருக்கும் ஆகறப்ப ஆகுங்க அத்தை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

ஹர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மெல்ல மாறியது. திடீரென்று எழுந்து நின்றார். "என்ற பட்டுச்சீலை நாலையும் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துப்போட்டேனே," என்றார்.

அன்று மத்தியானமே அந்தச் சேலைகளைத் திருப்பிக் கேட்பதற்காக ஹர்ஷினி தன் தங்கைக்குப் போன் செய்தார். கொடுத்த சேலையைக் கேட்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதென்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அந்தத் தங்கை கொடுமுடியில் அழகு நிலையம் வைத்திருக்கிறவர். ஒரு நாளைக்கு எத்தனை தலை அவர் கைக்குக் கீழே வந்து போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளில் காவிரிக்கு அந்தக் கரையிலும் விஷயம் போய்விட்டது. நாச்சாயி யாரிடமும் சொல்லாமலே பொன்னுரங்கத்தின் ரகசியம் ஊர்ப் பொதுச்சொத்து ஆனது.

அதன் பிறகுதான் கூத்து. யாருக்கெல்லாம் பொட்டலம் வந்திருந்தது என்று ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். சஞ்சய்க்கே போன வருஷம் வந்திருந்தது. அதனால்தான் தினேஷ்குமாருக்கு வந்ததும் ஓடிவந்தாராம். பொட்டலம் வராத வீட்டுக்காரர்கள், அப்படியானால் எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்று புதிதாகக் கவலைப்படத் தொடங்கினார்கள். அடுத்த முறை கறுப்பு வந்த வீடுகளில் அதை வறுத்து, கருப்பட்டி போட்டு இடித்து உருண்டை பிடித்தார்கள். தின்றவர்கள் எல்லோரும் கறுப்புதான் ருசி என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு வாரியத்து வண்டி கறுப்பு கொண்டுவருவதையே நிறுத்திக்கொண்டது.

ஆவணிக் கடைசியில், முதலில் குறித்த அதே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. ஹர்ஷினி திரும்பி வந்த நாலு சேலைகளில் நல்லதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கட்டியிருந்தார். தினேஷ்குமார் சஞ்சயின் கையிலிருந்த தன் பழைய கடிகாரத்தில் நேரம் பார்த்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் புரோகிதர் சொன்ன எல்லாவற்றுக்கும் சரிங்க என்றான். அன்று அது நாச்சாயிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தாலி கட்டி முடிந்து வாழ்த்துச் சொல்ல வந்தவர்களின் வரிசையில் பொன்னுரங்கம் நின்றார்.  அவர் மேடைக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டு, கோடு இறங்கிவிட்டதா என்று கேட்டாள். சிவகிரி, கொடுமுடிப் பக்கம் இறங்கிவிட்டது, மேலிடத்தில் காரணம் கேட்கிறார்கள் என்றார். ஆனால் அவர் திட்டுவதற்கு வந்தவர் மாதிரி இல்லை. முகம் வெளுத்திருந்தது. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"இந்த மண்டபத்துக்குப் பின்னால எங்கயாச்சும் மண்ணுத் தரை இருக்குங்களா?" என்று காதோரம் கேட்டார். "ஈரோட்டுல எல்லாப் பக்கமும் சிமெண்டாப் போட்டு வெச்சிருக்காங்க."

நாச்சாயி அவருடைய பையைப் பார்த்தாள். கண்ணாடித்தாளின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

"உங்களுக்குமா? எல்லாம் தெரிஞ்ச ஆளுங்களாச்சே நீங்க."

"தெரியுமுங்க. நல்லாத் தெரியும். அதோட கணக்குப்படி எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் அர்த்தம். எங்கூட்டுக்காரிகிட்டயும் அதத்தான் சொன்னேன்." அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஆனா ஊட்டுல வெச்சுக்க முடியலீங்க."

அவள் சென்னியப்பனிடம் இதோ வந்துவிடுகிறேன் என்றாள். அவன் சரிங்க என்றான். கழுத்தில் மாலையோடு அவரைப் பந்திக்கூடத்தின் பக்கவாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், கைகழுவும் குழாய்களுக்குப் பின்னால் ஒற்றைத் தென்னை நின்ற இடத்தைக் காட்டினாள். அதைச் சுற்றிப் பாயளவுக்கு மண் இருந்தது. பொன்னுரங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். வீசினார். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து வந்து, பந்திக்கூடத்து மேசையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் நாச்சாயி. அவர் தலையாட்டிவிட்டு இலைக்குப் போனார்.

அவர் வைத்துவிட்டுப் போன பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. மணப்பெண்ணைக் காணோம் என்று உள்ளே யாரோ கூப்பிடுவது கேட்டது. நாச்சாயி மாலை நனையாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தென்னையைச் சுற்றியிருந்த மண்ணில் அந்தத் தண்ணீரை மெல்லத் தெளித்துவிட்டு உள்ளே போனாள்.